படையலுக்கு வாங்கிய முதல் பாகம்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரே புத்தகம் வரிசையாக நிற்கிறது. ஒரே அட்டை, ஒரே நிறம், முதுகில் ஒரே எண். முதல் பாகம், அதன் பக்கத்தில் முதல் பாகம், அதன் பக்கத்திலும் முதல் பாகம். யாராவது பார்த்தால், புத்தகக் கடை வைத்து நொடித்துப்போன குடும்பம் என்றுதான் நினைப்பார்கள். நல்ல வேளை, எங்கள் வீட்டுக்கு அதிகம் பேர் வருவதில்லை.

ஜப்பான்காரர்கள் வரைந்த சித்திரக் கதை அது. இங்கே மலாய் மொழியில் மொழிபெயர்த்து விற்கிறார்கள். பையன்களுக்கான சாகசக் கதை என்று சொல்வார்கள். எந்தப் பையனுக்கும் படிக்கக் கொடுக்காமல் அதை வாங்கி அடுக்கியது எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும். அட்டையில் ஒரு பையன் நிற்பான். தன்னைவிட இரண்டு மடங்கு நீளமான கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, காய்ந்து வெடித்த சேற்று நிலத்தில் நின்று பல்லைக் காட்டிச் சிரிப்பான். சுற்றிலும் ஓர் ஈ காக்கை கிடையாது.

அதை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் என் தம்பி. பள்ளி முடித்து, பக்கத்து டவுனான தஞ்சோங் காராங்கில் ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். முதல் சம்பளம் வாங்கிய அன்று அம்மாவுக்கு ஒரு சேலை, எனக்கு ஒரு கைப்பை, தனக்கு அந்தப் புத்தகம். சேலை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கைப்பை எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு மட்டும் அவன் வாங்கியது பிடித்திருந்தது.

அன்று சாப்பாட்டு மேசையில் கதையை முழுதாகச் சொன்னான். அவனுக்குக் கதை சொல்ல வாய் மட்டும் போதாது. கை, கால், கரண்டி, தண்ணீர்க் குவளை எல்லாம் வேண்டும்.

கடல் காணாமல் போய்விட்ட ஓர் உலகம் அது. ஒரு நாள் வற்றிப் போன தண்ணீர் திரும்பி வரவே இல்லை. எங்களுக்கு இது பெரிய கற்பனையாகத் தோன்றவில்லை. கோலசிலாங்கூர்க் கரையில் தண்ணீர் இறங்கும் நேரத்தில் போய் நின்று பாருங்கள், கடல் எங்கே என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடத்தான் வேண்டும். அந்தப் பையன் கடலைத் தேடிக் கிளம்புகிறான். ஊரே சிரிக்கிறது. கூட வர ஒருவரும் இல்லை. சேற்றின் ஆழம் பார்க்கக் கையில் ஒரு கழி, அவ்வளவுதான். புத்தகம் முழுக்க அவன் தனியாகவே நடக்கிறான், நண்டுகளோடு பேசுகிறான், அந்த நண்டுகளிடமே சண்டையும் போடுகிறான். கடைசியில் சேற்றில் சாய்ந்து கிடக்கும் ஒரு பெரிய கப்பலைப் பார்க்கிறான். விளையாட்டாகக் கழியால் அதன் வயிற்றில் தட்டுகிறான்.

தம்பி மேசையில் கரண்டியால் தட்டினான். டொக், டொக்.

“அப்புறம் உள்ளேருந்து யாரோ திருப்பித் தட்டுறாங்க கா. அவ்ளோதான். புக்கு முடிஞ்சிருச்சி. சொல்லு, உள்ள யாரு?”

“பேய்.”

“பேய் எதுக்குக் கா தட்டணும்? அதான் செவுத்துக்குள்ளயே பூந்து வந்துரும்ல.”

“அப்ப திருடன்.”

“திருடன் உள்ளேருந்தா தட்டுவான்? மூளைய யூஸ் பண்ணு லா.”

“சாப்புடுறப்ப என்ன தட்டல்? தரித்திரம்,” என்றார் அம்மா. கதையை அவர் கேட்கவில்லை. அட்டையை மட்டும் ஒரு முறை திருப்பிப் பார்த்து, “ஒங்கப்பா மாதிரியே கழியத் தூக்கிக்கிட்டு நிக்கிறான்,” என்றார். அப்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். அந்த நீளக் கழியும் நுனியில் அரிவாளுமாக விடியற்காலையில் அவர் போவது அம்மாவின் கண்ணிலேயே நின்றுவிட்டது. அப்பா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தபோது தம்பி பள்ளிக்கூடமே போக ஆரம்பித்திருக்கவில்லை.

இரண்டாம் பாகத்தைப் போனிலேயே படித்துவிடலாமே என்று கேட்டேன். ஏதோ கோயிலுக்குள் செருப்போடு போகலாமே என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். “இந்தக் கதைய மட்டும் புக்குலதான் படிப்பேன் கா. அடுத்த சம்பளத்துல ரெண்டாவது வாங்கறேன். யாருன்னு நெனைச்சு வச்சிக்க, பந்தயம்.”

அடுத்த சம்பளம் வருவதற்குள் டெங்கிக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றோம். பிறகு ஆஸ்பத்திரி, பிறகு ஐசியு, பிறகு ஒன்றும் இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. பலமுறை முயன்று பார்த்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவனுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம். மீ கோரேங் நூடுல்ஸ், பொரித்த கோழி, குடிக்க ரோஸ் நிறச் சிராப் பண்டோங். நான் அறைக்குள் போய் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து இலையின் ஓரத்தில் வைத்தேன். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, எல்லாச் சடங்குக்கும் முன்னால் நின்று குறை சொல்வதற்கென்றே பிறந்தவர், உடனே எடுத்துவிட்டார்.

“பழசெல்லாம் வைக்கக் கூடாது. துணிய புதுசாத்தான வைக்கிற? இதையும் புதுசா வாங்கி வை.”

அந்த வார்த்தையை அம்மா பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவர் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் தீபாவளிக்கு முந்தின நாள் செத்தவர்களுக்குப் படைப்பது வழக்கம். அவரவருக்குப் பிடித்ததைத்தான் வைப்போம். அப்பாவுக்கு ஆட்டுக்கறி, ஒரு போத்தல் கறுப்பு பீர், ஒரு சிகரெட். சமைக்கும்போது உப்புக்கூடப் பார்க்கக் கூடாது, பார்த்தால் எச்சில். இதில் அம்மா சொல்லும் இன்னொரு விதி உண்டு: எதையும் மூடி வைக்கக் கூடாது. பீர் மூடியைத் திறக்க வேண்டும், சிகரெட்டைப் பற்றவைக்க வேண்டும், சட்டையின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து விரித்து வைக்க வேண்டும். “செத்தவங்களுக்கு நகமா இருக்கு பிரிச்சிக்கிறதுக்கு?” என்பார். பிறகு சாம்பிராணி காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய் நிற்க வேண்டும். வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் அல்லவா. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தட்டாமல் திறந்தால் அவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவார்களாம்.

தம்பி எங்களை விட்டுப் போன வருடம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. அதற்கடுத்த வருடம், வேலை பார்க்கும் ரவாங்கிலிருந்து நான் வந்து இறங்கியபோது, அம்மா மேசைமேல் ஒரு புதுப் புத்தகத்தை வைத்திருந்தார். பிளாஸ்டிக் உறை பளபளத்தது. அதே பையன், அதே கழி, அதே சேறு. அவனுடைய பழைய பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு, தஞ்சோங் காராங்குக்குப் பஸ் ஏறிப் போய், கடையில் காட்டி, இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். அவன் போன பிறகு அம்மா பக்கத்துத் தோட்டத்தில் உதிரிச் செம்பனைப் பழம் பொறுக்கும் வேலைக்குப் போவதும் வருவதும் தவிர வெளியே எங்கும் கால் வைத்ததில்லை. முதல் தடவை வெளியே போனது இதற்காகத்தான்.

“அதே புஸ்தகம். பாரு, ஒரு வித்தியாசம் கெடையாது,” என்றார். குரலில் பெருமை.

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். நீங்களாக இருந்தாலும் மூடிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்த வருடமும் அதே புத்தகம். அதற்கடுத்த வருடமும். ஒவ்வொரு வருடமும் அம்மா பிளாஸ்டிக் உறையைக் கத்தியால் கீறிப் பிரித்து, மீ கோரேங்குக்குப் பக்கத்தில் வைப்பார். ஒவ்வொரு வருடமும் என் தம்பி வந்து உட்கார்ந்து, “ஐயோ, மறுபடியும் இதேவா?” என்று தலையில் அடித்துக்கொள்வதை நான் மனதுக்குள் கேட்பேன். முதல் வருடமே சொல்லியிருக்கலாம். இரண்டாம் வருடம் சொன்னால், போன வருடம் வைத்தது தப்பு என்றாகும். மூன்றாம் வருடம் சொன்னால் இரண்டு வருடம் தப்பு. வட்டிக் கடன் மாதிரி அது ஏறிக்கொண்டே போனது.

ஒரு வருடம் நானே காரில் கூட்டிப் போனேன். கடைக்காரச் சீன ஆன்ட்டி அம்மாவைப் பார்த்ததும் கேட்காமலே உள்ளே போய் எடுத்து வந்தார். அம்மாவுக்காகவே ஒன்று ஆர்டர் கொடுத்து வைத்திருந்தாராம். “சூச்சு பாஞாக் லா ஆன்ட்டி!” என்று சிரித்தார். பேரப்பிள்ளைகள் நிறையப் போலிருக்கிறதே என்கிறார். வருடம் ஒரு பேரனுக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுப்பதாக அவர் கணக்கு. அம்மா தலையாட்டினார். “பாஞாக், பாஞாக்,” என்றார். நிறைய, நிறைய. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, ஆகும் என்ற நம்பிக்கையும் இப்போது யாருக்கும் இல்லை. காரில் வீடு திரும்பும் வழியில், சாலை ஓரத்து வாய்க்காலில் யாரோ தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் இருமிக்கொண்டே இருக்கும் யாரோ ஒருவர். அம்மாவை வந்து கூட இருங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன். “நான் வந்துட்டா அவங்க எங்க வருவாங்க? அவங்களுக்கு இந்த வீட்டு அட்ரஸ்தான் தெரியும்,” என்பார். அப்பா வேலை பார்த்த தோட்டத்தை மூடியபோது, லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்குக் கொடுத்த தாமான் குடியிருப்பு வீடு அது. அக்கம்பக்கத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இங்கே ஒருத்தி, அங்கே ஒருத்தி, இரண்டு பேருமே தனித்தனியாகச் சமைத்து, தனித்தனியாக மிச்சம் வைத்து, மறுநாள் அதையே சாப்பிடுகிறோம்.

துக்கம் ஆறிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆறியும்விட்டது, ஓரளவுக்கு. ஆனால் அவன் விட்டுப்போன அந்தக் கேள்வி ஆறவில்லை. உள்ளே யார்? அதைப் பேச எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தான். தொழிற்சாலையில் ஒரு மலாய்ப் பையன் ஒரு நாள் அந்தக் கழிக்காரன் படம் போட்ட சட்டையில் வந்தான். நீயும் படிப்பாயா என்று மலாயில் கேட்டேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். “அக்கா எத்தனாவது பாகம் வரைக்கும் படிச்சிருக்கீங்க?” என்று அவனும் மலாயில் கேட்டான். முதல் பாகம் மட்டும் என்றேன். “ஓ! அப்ப கப்பலுக்குள்ள யாருன்னே…” என்று ஆரம்பித்தான்.

“ஜாங்ஙான் சாக்காப்!” சொல்லாதே என்று நான் போட்ட கத்தலில் மூன்று மெஷின் தள்ளி நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், பையன் வெலவெலத்துப் போனான். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் தூரத்திலேயே ஒரு சிரிப்பைக் காட்டிவிட்டு வேறு வழியாகப் போய்விடுகிறான். பேசக் கிடைத்த இன்னொரு ஆளையும் இப்படித்தான் விரட்டியடித்தேன்.

கேட்டால் சிரிப்பீர்கள். அவன் படிக்காததை நான் எப்படி முதலில் படிப்பது? படையல் சோற்றில் உப்புப் பார்ப்பதுபோல் அல்லவா அது? எச்சில் பண்ணின கதையை அவனுக்கு எப்படிக் கொடுப்பது? போனில் ஒரு தட்டுத் தட்டினால் தெரிந்துவிடும் விஷயத்தை இத்தனை வருடம் தொடாமல் வைத்திருக்கிறேன். பிடிவாதத்தில் நான் அம்மாவின் மகள்.

இன்னொன்றும் உண்டு. படையலன்று கதவைத் தட்டுவது நான்தான். அம்மா கையில் சாம்பிராணித் தட்டு இருக்கும். ஒவ்வொரு வருடமும் தட்டியதும், கைப்பிடியைத் திருகுவதற்கு முன்னால், ஒரு மூச்சு நேரம் நிற்பேன். டொக், டொக். அப்புறம் சும்மா நிற்பேன். எதற்காக நிற்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.

இந்த வருடம் தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வேலை நேரத்தில் அம்மா போன் செய்தார். வேலை நேரத்தில் அவர் கூப்பிட மாட்டார். எடுத்ததும் அழுகிற குரல்.

“அந்தப் புஸ்தகம் அபிஸ்ஸாம் லா.”

“என்னம்மா?”

“அபிஸ். முடிஞ்சி போச்சாம். இனிமே வராதாம். அந்த ஆன்ட்டி எங்கெங்கேயோ போன் போட்டுக் கேட்டுச்சி, கெடைக்கலயாம். வேற படம் போட்டதெல்லாம் குடுக்குது, எனக்கு வேணாம்னு வந்துட்டேன். நான் என்னா பண்ணுவேன்? ரவாங்ல பெரிய கடையெல்லாம் இருக்குமில்ல, பாத்து வாங்கிட்டு வந்துரு புள்ள. அது இல்லாம எப்புடிப் படைக்கிறது?”

அன்று வேலை முடிந்ததும் நேராகப் பேரங்காடிக்குப் போனேன். புத்தகக் கடையின் கடைசி அடுக்கில் அந்தத் தொடர் முழுவதும் இருந்தது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு நீளம். இத்தனை நாளும் இந்தப் பக்கம் வந்தால் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு நடப்பேன். தேடினால், வரிசையின் ஆரம்பத்தில் முதல் பாகம் ஒன்றே ஒன்று இருந்தது. உறை கொஞ்சம் தூசி படிந்து. பக்கத்திலேயே இரண்டாம் பாகம்.

முதல் பாகத்தை எடுத்தேன். பிரச்சினை தீர்ந்தது. அம்மாவுக்குத் தெரிய வேண்டியதில்லை. இன்னொரு வருடம் ஓடிவிடும்.

பிறகு கை சும்மா இருக்காமல் இரண்டாம் பாகத்தையும் எடுத்தது. அட்டையைப் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்திருக்க வேண்டும், ஆனால் பார்த்துவிட்டேன். அதே பையன், அதே கழி. ஆனால் கழியின் மறுமுனையை இன்னொருத்தி பிடித்திருந்தாள், கையில் ஓர் அரிக்கன் விளக்கோடு ஒரு சிறுமி. பின்னால் ஒற்றைக் காலோடு ஒரு குண்டு மனிதன், வாயெல்லாம் பல். மூன்று பேரும் ஒரே கழியைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தார்கள்.

கடையின் நடுவில் நின்று அழுதேன். சின்னப் பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தலை நரைக்க ஆரம்பித்த ஒருத்தி அழுவதைப் பார்த்து, ஒரு பள்ளி மாணவி மெதுவாக நகர்ந்து போனாள். போகட்டும். அவன் இதைப் பார்த்தால் எப்படிக் குதித்திருப்பான், மேசையை எப்படித் தட்டியிருப்பான் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு நினைப்பு வரவில்லை. பேயும் இல்லை, திருடனும் இல்லை டா, மனுஷங்கதான் என்று அவனிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. முதல் பாகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் காரில் வீட்டுக்குக் கிளம்பினேன். பெஸ்தாரி ஜெயா தாண்டியதும் செம்பனை லோரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டே போனது. முந்திப் போக இடம் கிடைத்தும் நான் முந்தவில்லை.

அம்மா சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். ஒரு கணம்கூட ஆகவில்லை.

“இது அது இல்ல.”

“ஆமாம்மா.”

“யாரு இவங்க ரெண்டு பேரும்?”

“உட்காருங்கம்மா, சொல்றேன். இது… சீரியல் மாதிரி மா. நீங்க ராத்திரி பாக்குறீங்கல்ல, கடைசில தொடரும் போடுவான்ல. அந்த மாதிரி. நீங்க வாங்குனது மொத பாகம். இது ரெண்டாவது.”

அம்மா உட்கார்ந்தார். நான் கதையைச் சொன்னேன். அவன் சொன்ன மாதிரியே சொல்ல வேண்டும் என்று கையை ஆட்டினேன், காலை ஆட்டினேன். எனக்கு அவன் அளவுக்கு வராது. வற்றிப்போன கடலைச் சொன்னேன். ஊர் சிரித்ததைச் சொன்னேன். நண்டுச் சண்டையைச் சொன்னபோது அம்மா லேசாகச் சிரித்தார். கப்பலிடம் வந்ததும் ஒரு கரண்டியை எடுத்து மேசையில் தட்டினேன். டொக், டொக்.

“உள்ளேருந்து யாரோ திருப்பித் தட்டுவாங்க மா. அங்கதான் தொடரும் போட்டுட்டான். தம்பி அதுவரைக்குந்தான் படிச்சான். யாருன்னு அவனுக்குத் தெரியாது.”

அம்மா கரண்டியைப் பார்த்தார். அலமாரியின் மேல்தட்டில் வரிசையாக நின்றவற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்ப இத்தன வருசமா அவன் அந்தக் கப்பல் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தானா?”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“ஒவ்வொரு வருசமும் அந்த அட்டையப் பாக்குறப்பல்லாம் எனக்கு வயித்தப் பெசையும். ஒத்தையா நிக்கிறானே, ஒத்தையா நிக்கிறானேன்னு. நானே கொண்டாந்து திரும்பத் திரும்ப அதையே வச்சிருக்கேன். நீ பாத்துக்கிட்டு இருந்திருக்க. வாயில என்ன கொழுக்கட்டையா?”

“நீங்க பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வந்தீங்க மா. அவ்ளோ சந்தோசமா காட்டுனீங்க. எப்படி மா சொல்றது?”

“பைத்தியக்காரி,” என்றார் அம்மா. எழுந்து போய் மறுபடி தேங்காய் துருவ ஆரம்பித்தார். துருவலில் கண்ணீர் விழுந்துவிடப் போகிறதே என்று முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டே துருவினார். நான் வெங்காயம் உரித்தேன், வசதியாக இருந்தது. வெகுநேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்.

“இன்னும் எத்தன இருக்கு?”

“நெறைய மா. இன்னும் முடியல. வரைஞ்சிக்கிட்டே இருக்கான்.”

“வருசத்துக்கு ஒன்னுன்னா நம்ம ரெண்டு பேரு ஆயுசும் பத்தாது போல.”

“பத்தாது மா.”

நமக்கப்புறம் யார் வைப்பார்கள் என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தெரிந்த பதிலைக் கேட்டு என்ன ஆகப் போகிறது.

“அடுத்த வருசம் நாலஞ்சு சேத்து வாங்கிரு,” என்றார். “அவன் வேகமாப் படிப்பான்.”

வெயில் தாழ்ந்ததும் இலை போட்டோம். அப்பாவின் பீரைத் திறந்து, சிகரெட்டைப் பற்றவைத்தேன். மீ கோரேங், கோழி, சிராப் பண்டோங். அம்மா கத்தியை எடுத்துப் புத்தகத்தின் உறையை, உள்ளே கோடு விழாமல் மெதுவாகக் கீறிப் பிரித்தார். வழக்கமாக உறையை மட்டும் பிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடியபடிதான் வைப்பார். இந்தத் தடவை முதல் பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்று நினைத்து நம் புத்தகங்களைப் போல இடது பக்கத்து அட்டையைத் திருப்பப் போனார். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“அங்க இல்ல மா. அது கடைசி. ஜப்பான்காரன் புக்கு வலது பக்கத்துலேர்ந்து படிக்கிறது.”

“நல்ல வேள,” என்றார் அம்மா. “முடிவக் காட்டிருப்பேன்.”

வலது பக்கத்திலிருந்து திருப்பி, முதல் பக்கத்தைத் திறந்து, பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்கச் சிராப் குவளையை ஓரத்தில் வைத்தார். அதில் என்ன வரைந்திருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. சாம்பிராணி காட்டினோம். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் நின்றோம். இரண்டே பேர். ஒரு காலத்தில் இந்தச் சமயம் வெளியே நிற்க இடம் போதாமல் வாசல்வரைக்கும் ஆள் நிற்கும். எங்கோ தள்ளி ஒரு வீட்டில் பட்டாசு வெடித்தது. ஒரு நாய் குரைத்துவிட்டு அடங்கியது. எதிர்வீட்டுப் பூட்டில் துரு ஏறியிருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

நேரமாயிற்று என்று நான் கதவை நோக்கிப் போனபோது அம்மா சாம்பிராணித் தட்டை என் கையில் கொடுத்தார்.

“இன்னைக்கு நான் தட்டுறேன்.”

விரல் மடக்கித் தட்டினார். டொக், டொக். நான் கைப்பிடியைத் திருகக் கை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு, காதோர முடியை ஒதுக்கிவிட்டு, காதைக் கதவோடு சேர்த்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் இத்தனை வருடமும் தனியாக நின்ற இடத்துக்கு அம்மாவும் வந்துவிட்டார். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. எனக்குக் கேட்டது அவ்வளவுதான்.

“ம்மா,” என்றேன் கொஞ்சம் கழித்து. “தொறக்கட்டா? சோறு ஆறிடும்.”

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

“இரு,” என்றார். “படிச்சு முடிக்கட்டும்.”

நாங்கள் வெளியிலேயே நின்றோம்.